இளிவரலும் பெருமிதமும்: யெலோமன் என்னும் யமேக்கப் பாடுநர் பற்றிய ஒரு நோக்கு

ஒரு மக்கட் கூட்டத்தாரின் கவிதையை ஆராயப் புகுவோர் பெரும்பாலும் அச்சேறிய நூல்களையே நாடிச் செல்வர். அச்சேறாது வாயிலும் செவியிலும் வாழும் பாட்டுக்கள், அவற்றுள்ளும் இரவு முழுதும் தெருவோரத்தில் ஒலிபெருக்கியின் முன் பாடப்பட்டு விடிந்ததும் மறைந்துபோகும் பாட்டுக்கள், திறனாய்வாளரின் மேசைக்கு வருதல் அரிது. யமேக்காத் தீவில் 1980ஆம் ஆண்டை அடுத்துத் தலையெடுத்த டான்ஸ்ஹோல் இசை அத்தகையது. அவ்விசையின் முதற் பேரரசர் எனக் கொண்டாடப்பட்ட யெலோமன் என்பாரைக் குறித்துத் தமிழில் ஒரு கட்டுரை வேண்டுமா என்று கேட்போர் இருக்கலாம். அவர் பாட்டுக்களுட் பல அவைக்கு அடாதன என்பதும், அவரை வியந்து பேசுவோரே பலவற்றைப் பொறுத்துக்கொண்டுதான் வியக்கின்றனர் என்பதும் உண்மை. ஆயினும், ஊரார் பழித்த உடலொன்று பாட்டின் வலியாற் புகழுக்குரியதாக மாறிய விதத்தை இவரைப் போலத் தெளிவாகக் காட்டும் பாடுநர் வேறொருவரை நான் அறியேன். இக்கட்டுரை எழுந்த காரணம் அதுவே.

டான்ஸ்ஹோல் என்பது முதலில் ஓரிடத்தின் பெயர். பின்னரே ஓர் இசைவகையின் பெயராயிற்று. கிங்ஸ்ரன் நகரத்து ஏழை மக்கள் 1950களிலே இசைக்குழுக்களை அமர்த்தவும் வசதியற்றிருந்தனர். வீட்டில் இசைத்தட்டுக் கருவி வைத்திருக்கவும் வசதியற்றிருந்தனர். அவர்களுக்காக எழுந்தவையே சவுண்ட் சிஸ்ரம் எனப்படும் நடமாடும் ஒலிபெருக்கி நிலையங்கள். நம் ஊர்க் கோயில் திருவிழாக்களில் ஒலிபெருக்கிச் சேவை நடத்துவோரை அறிந்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கே அது வெறும் சேவையாக நில்லாது ஒரு கலை நிறுவனமாகவே வளர்ந்தது. இசைத்தட்டைத் தெரிந்து சுழற்றுபவர் ஒருவர். ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு இசைக்கு இடையிடையே கூட்டத்தை உற்சாகப்படுத்திப் பேசுபவர் இன்னொருவர். இப்பின்னவரையே அந்நாட்டார் டீஜே என்பர். கவுண்ற் மச்சூக்கி என்பார் இத்துறைக்கு முன்னோடி. இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் பாட்டும் மறுபக்கத்தில் அப்பாட்டின் குரல் நீக்கிய இசையும் பதியும் வழக்கம் ஏற்பட்ட பின்னர் டீஜேக்குப் பேசுவதற்கு நிறைய இடம் கிடைத்தது. யூ-ரோய் என்பார் 1970இல் வெளியிட்ட இசைத்தட்டுக்கள் பாடகர்களையும் பின்தள்ளி நாடெங்கும் பரவியபோது, இடையிற் பேசுபவன் தானே பாவலனாகிவிட்டான் என்பதை அனைவரும் உணர்ந்தனர்.

இங்கே ஒரு செய்தியை மனங்கொள்ளல் வேண்டும். டீஜே பாடுவதற்கென்று புதிய மெட்டு எதனையும் எவரும் அமைப்பதில்லை. முன்னரே பலரும் கேட்டுப் பழகிய ஒரு பாட்டின் அடித்தளமாகிய தாள இசையை எடுத்து அதன்மேலே தன் சொற்களை ஏற்றுகின்றான். அத்தாள இசைக்கு றிடிம் என்று பெயர். ஒரே றிடிமின் மீது பத்துப் பேரும் பாடுவர், நூறு பேரும் பாடுவர். புதுமையை மட்டுமே கவிதைக்கு அழகு எனக் கருதும் மேனாட்டுத் திறனாய்வாளருக்கு இது திருட்டுப் போலத் தோன்றும். பழைய பண்ணிலும் பழைய யாப்பிலும் புதுப்பொருள் பாடும் மரபிலே வளர்ந்த நமக்கோ இதில் வியப்பொன்றும் இல்லை. கேட்போன் முன்னறிந்த அடித்தளத்தின் மேல் எதிர்பாராத சொல் வந்து விழும்போதே சுவை பிறக்கின்றது. பழைய இசைக்குழுவினருக்கு உரிய ஊதியம் பல சந்தர்ப்பங்களிற் போய்ச் சேரவில்லை என்பது வேறு விடயம்; அது வழக்கறிஞர்களும் வருந்தத்தக்க ஒரு பெரிய கதை.

யெலோமனின் இயற்பெயர் வின்ஸ்ரன் பொஸ்ரர். 1950களின் பிற்பாதியிலே பிறந்தார். பிறவியிலேயே தோலிலும் மயிரிலும் கண்ணிலும் நிறமி அற்றவர். கறுப்பின மக்கள் பெரும்பான்மையினராக வாழும் தீவிலே வெளிறிய மஞ்சள் தோலுடன் பிறந்த குழந்தையைப் பெற்றோர் கைவிட்டனர். கிங்ஸ்ரனிலுள்ள மக்ஸ்பீல்ட் பார்க் சிறுவர் இல்லத்திலும், பின்னர் கத்தோலிக்கக் கன்னியர் நடத்திய அல்பா ஆண்கள் பாடசாலையிலும் அவர் வளர்ந்தார். நிறமியற்றோரை அந்நாட்டார் ‘டுண்டஸ்’ என்று அழைப்பர். அச்சொல்லில் ஏளனமும் அருவருப்பும் ஒருங்கே கலந்துள்ளன. தெருவிற் போகும்போது கேலி பேசுவதும், தொட அஞ்சுவதும், அருகில் அமர மறுப்பதும் அவர்க்கு நாள்தோறும் நேர்ந்தவை. அந்நாட்டிலே வெள்ளைத் தோல் அதிகாரத்தின் அடையாளம். கறுப்புத் தோல், றாஸ்ரபாரி சமயத்தாரின் போதனைக்குப் பின், பெருமையின் அடையாளமும் ஆயிற்று. இவ்விரண்டிலும் சேராத தோலுக்கு எங்கும் இடமில்லாது போயிற்று.

அல்பா பாடசாலையைப் பற்றி இரண்டொரு சொற் கூறாது மேற்செல்லல் முறையன்று. 1880இல் தொடங்கப்பட்ட அந்நிறுவனம் அநாதைகளுக்கும் கட்டுக்கடங்காத சிறுவர்க்கும் தொழில் கற்பித்து வந்தது. தச்சுவேலையும் தையல்வேலையும் அச்சுவேலையும் போலவே ஊதுகுழல் இசையும் ஒரு தொழிலாகவே அங்கு கற்பிக்கப்பட்டது. 1964இல் உருவான ஸ்கற்றலைற்ஸ் இசைக்குழுவிலே முதன்மை பெற்ற டொன் டிரமண்ட், ரொமி மக்குக், ஜொனி மூர், லெஸ்ரர் ஸ்ரேர்லிங் ஆகியோர் இப்பாடசாலையின் பிள்ளைகளே. ஒரு நாட்டின் இசை வரலாற்றில் இத்துணை இடம்பெற்ற அநாதை இல்லம் உலகில் வேறெங்கேனும் உண்டோ என்பது ஐயமே. பெருங் கல்லூரிகள் தம் பழைய மாணவரின் பட்டியலைப் பெருமையுடன் வெளியிடுவதைக் காண்கின்றோம். அல்பாவின் பட்டியல் அவற்றுட் பலவற்றை நாணச் செய்யும்.

1970களின் இறுதியிலே டேஸ்ரி என்னும் பெயரில் நடந்த திறமைப் போட்டி ஒன்றில் பொஸ்ரர் பொதுமக்களின் கண்ணிற் பட்டார். அதன் முன்னர் அவரைத் தம் ஒலிப்பதிவு நிலையத்துள் விடவும் சிலர் தயங்கினர். பின்னர் ஏஸஸ் என்னும் சவுண்ட் சிஸ்ரத்தில் ஒலிவாங்கியைப் பிடித்தார். அங்கே இரவுதோறும் அவர் பாடியவற்றை நாடாவிற் பதிந்து, நண்பரும் உறவினரும் இலண்டனுக்கும் நியூயோர்க்குக்கும் அனுப்பினர். இசைத்தட்டுக்கள் வெளிவரு முன்னரே கடல்கடந்து அவர் பெயர் சென்றது இவ்வாறே. ஹென்றி ஜூன்ஜோ லோஸ் என்னும் தயாரிப்பாளரின் கீழ், றூட்ஸ் றடிக்ஸ் இசைக்குழுவின் வாசிப்புடன், 1982இல் ‘மிஸ்ரர் யெலோமன்’ என்னும் தொகுப்பு வெளிவந்தது. அத்தயாரிப்பாளர் பெரிதும் பயன்படுத்திய சனல் வண் ஒலிப்பதிவு நிலையம் மக்ஸ்பீல்ட் வீதியில் இருந்தது. கைவிடப்பட்ட பிள்ளை வளர்ந்த இல்லத்தின் பெயரும் நாடறிந்த பாடுநரைப் பதிவுசெய்த நிலையத்தின் வீதியும் ஒன்றாய் இருத்தலைக் கவனிக்காமல் இருக்க இயலவில்லை.

அக்காலத்து நாட்டு நிலைமையையும் ஒருவாறு கூறல் வேண்டும். 1980இல் நடந்த பொதுத் தேர்தலை ஒட்டிய வன்முறையில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். மைக்கேல் மான்லியின் ஆட்சி வீழ்ந்து எட்வேட் சியாகாவின் ஆட்சி வந்தது. 1981 மே மாதத்திலே பொப் மார்லி காலமானார். விடுதலையையும் ஆபிரிக்காவையும் இறைவனையும் பாடிய றெகே இசையிலே களைப்புற்றிருந்த மக்கள், சிரிக்க விரும்பினர். விமர்சகர் பலர் இதனை வீழ்ச்சி என்பர்; உயர்ந்த பொருளிலிருந்து தாழ்ந்த பொருளுக்கு இசை இறங்கியது என்பர். அக்கூற்றில் ஓரளவு உண்மை உண்டெனினும் முழுவதும் உண்மையன்று. சென்றோர் உயர்ந்தோர், வந்தோர் தாழ்ந்தோர் என்ற பழைய புலம்பல் எல்லா நாட்டு இலக்கிய வரலாற்றிலும் கேட்பதொன்றே. கொள்கைப் பாட்டைக் கேட்டுக்கேட்டு அக்கொள்கையின் பெயராலேயே தம் தெருவிற் பிணம் விழுவதைக் கண்ட மக்கள் கேலியை நாடியதை அறியாமை என்று எவ்வாறு ஒதுக்குவது?

இனி யெலோமனின் கலைக்கு வருவோம். தொல்காப்பியர் வகுத்த எட்டு மெய்ப்பாடுகளுள் இளிவரல் என்பதொன்று. பெருமிதம் என்பது மற்றொன்று. மூப்பும் பிணியும் வருத்தமும் மென்மையும் இளிவரலுக்கு நிலைக்களன் என்பர் ஆசிரியர். கல்வியும் தறுகண்மையும் புகழும் கொடையும் பெருமிதத்துக்கு நிலைக்களன் என்பர். ஒன்றன் நிலைக்களத்தில் மற்றொன்று பிறப்பது இயல்பன்று. யெலோமனின் சாதனை இவ்வியல்பை மாற்றியமையே. ஊரார் இளிவரல் கொள்ளும் உடலையே அவர் பெருமிதத்தின் நிலைக்களன் ஆக்கினார். அருவருப்புக்குரிய பெயரைத் தாமே எடுத்துப் பட்டப்பெயராகச் சூடினார். மஞ்சள் உடையணிந்து மேடையில் தோன்றினார். தம்மைக் கண்டு நாட்டுப் பெண்கள் அனைவரும் பித்தேறி அலைகின்றனர் என்று பாடினார். ‘மாட் ஓவர் மீ’ என்ற பாட்டு முழுவதும் இதுதான் பொருள்.

இவ்விடத்திலே நுட்பமாகக் கவனிக்க வேண்டியதொன்று உண்டு. அழகன் ஒருவன் தன் அழகைப் புகழ்ந்து பாடினால் அது செருக்கு, கேட்போர்க்குச் சலிப்பு. எவரும் மணக்கமாட்டார் என்று ஊர் முடிவுகட்டிய ஒருவன், எல்லோரும் தன்னையே மணக்க விரைகின்றனர் என்று பாடினால், முதலில் நகை பிறக்கின்றது. அந்நகையில் எள்ளல் இருக்கின்றது. ஆனால் பாடுபவன் அவ்வெள்ளலை நம்மினும் முன்னரே அறிந்து, அதனை எதிர்பார்த்து, அதற்கேற்பத் தாளத்தில் இடம்விட்டுப் பாடுகின்றான். நாம் சிரிக்கும்போது அவனோடு சிரிக்கின்றோமே அன்றி அவனைச் சிரிக்கின்றோமல்லேம். கேலியின் உரிமை கைமாறிவிடுகின்றது. அவ்வுரிமை கைமாறிய பின், பாடுபவன் கூறியது மெல்ல மெல்ல மெய்யாகவும் ஆயிற்று என்பதுதான் வியப்பு. 1982, 1983ஆம் ஆண்டுகளிலே யமேக்காவில் அவரிலும் விரும்பப்பட்ட ஆண்மகன் இலர் என்று சொல்லத்தக்க நிலை உண்டாயிற்று. பாட்டு உலகத்தை மாற்றாது என்போர் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம். உலகத்தை மாற்றாவிடினும் ஒரு மனிதன் தெருவில் நடந்துபோகும் விதத்தை அது மாற்றியது.

‘யெலோமன் கெற்றிங் மறீட்’ என்பதும் இவ்வகையினதே. ‘மை பெயர் லேடி’ என்ற இசை நாடகத்திலே திருமணத்துக்கு முந்திய நாள் பாடப்படும் பாட்டொன்றை எடுத்துத் தம் திருமணப் பாட்டாக மாற்றினார். அந்நாடகத்தின் கதை யாவரும் அறிந்ததே: தெருவிற் பூ விற்கும் பெண்ணுக்கு உயர்குலத்தார் பேசும் ஆங்கிலத்தைக் கற்பித்துச் சீமாட்டியாக மாற்றும் கதை. அதன் பாட்டை யமேக்கத் தெருப் பேச்சிலே, திருத்தமான ஆங்கிலத்தைச் சிறிதும் மதியாது, ஓர் அநாதை பாடுகின்றான். இதனை அவர் எண்ணிச் செய்தாரா, காதில் விழுந்த நல்ல மெட்டு என்று எடுத்தாரா என்ற வினா எனக்கு முதன்மையானதன்று. சிறுவர் பாட்டு, தேவாலயப் பாட்டு, வானொலி விளம்பரம், திரைப்பாட்டு ஆகிய எதனையும் தம் றிடிமுக்குள் இழுத்துக்கொள்ளும் செவி அவருக்கு இருந்தது. அச்செவியே எண்ணத்துக்கு முன்னே ஓடியது.

அவருடைய பாட்டுக்களுள் மிகவும் பரவியது 1983இல் வெளிவந்த ‘சுங்குசுங்குகுசுங்குசெங்’ என்பது. பெயர் பொருளற்ற ஒலிக்கோவை. அதன் அடித்தளமாகிய றிடிம் அல்ரன் எலிஸ் என்னும் பாடகர் 1967இல் பாடிய ஒரு பாட்டிலிருந்து வந்தது. இடையிலே மிச்சிகன், ஸ்மைலி என்னும் இருவரும் அதன்மேற் பாடினர். ஆகவே யெலோமன் தொடுமுன் கூட்டத்தார்க்கு அது நன்கு பழகிய இசை. அவர் சேர்த்தது ஓர் இறங்கிவரும் சிறு சந்தம் மட்டுமே. மூச்சை ஒருங்கே விட்டு, நாவைச் சுழற்றி, படிக்கட்டில் உருண்டு விழும் பந்துபோலத் தொடங்கிய இடத்தை விடத் தாழ்ந்த இடத்தில் வந்து நிற்கும் அசைகள். அதற்குப் பொருள் தேடுவோர் ஏமாறுவர். வண்ணப் பாவின் ‘தனதன தான’வுக்குப் பொருள் கேட்பார் உண்டோ? சந்தமே அங்குச் சொல். அச்சந்தம் பிற்காலத்தில் அடைந்த பயணம் நெடியது. 1980களின் பிற்பகுதியிலே நியூயோர்க்கின் பூகி டவுண் புரடக்சன்ஸ் என்னும் குழுவினர் அதனை எடுத்தாண்டனர். அவர்க்குப் பின் ஹிப்ஹொப் பாடுநர் பலர் வாயிலும் அது ஏறியது. அவர்களுட் சிலருக்கு அச்சந்தம் யாருடையது என்பதும் தெரிந்திராது. கவிதைக்கு இதனினும் பெரிய வெற்றி உண்டோ என்று நான் சில வேளை நினைப்பதுண்டு.

ஹிப்ஹொப்புக்கும் யமேக்காவுக்கும் உள்ள உறவு தற்செயலானதன்று. கிங்ஸ்ரனிற் பிறந்து நியூயோர்க்கின் புறொங்ஸ் பகுதியிற் குடியேறிய கூல் ஹேர்க் என்பார் 1973இலே தொடங்கிய விருந்துகளிலிருந்தே அவ்விசை முளைத்தது என்பர். 1985இல் றன்-டி.எம்.சி. குழுவினர் தம் தொகுப்பிலே யெலோமனோடு சேர்ந்து ஒரு பாட்டைப் பதிந்தனர். பிரிந்துபோன இரு கிளையினர் ஒரு பந்தியில் அமர்ந்ததுபோல அது அமைந்தது. பாட்டாக அது சிறந்ததென்று சொல்வதற்கில்லை.

இனி, தவிர்க்க இயலாத விடயத்துக்கு வருவோம். யமேக்கர் ‘ஸ்லாக்னெஸ்’ என்று வழங்கும் ஒழுக்கத் தளர்வுப் பாட்டுக்கள் யெலோமனின் புகழுக்கும் பழிக்கும் ஒருங்கே காரணமாயின. இத்துறையில் அவருக்கு முன்னோடி ஜெனரல் எக்கோ என்பார். 1980 நவம்பரிலே பொலிசாரின் வேட்டுக்கு இரையானார். அவர் விட்ட இடத்தை யெலோமன் நிரப்பினார். பாலியல் உறுப்புக்களும் செயல்களும் மறைப்பின்றிப் பேசப்படும் அப்பாட்டுக்கள் வானொலியில் ஒலிபரப்பத் தகாதன. தேவாலயத்தாரும் பத்திரிகையாளரும் கண்டித்தனர். றாஸ்ரபாரி நெறி நின்ற பாடுநரும் வெறுத்தனர்.

மேற்கிந்தியப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கரொலின் கூப்பர் 1993இல் வெளிவந்த தம் நூலிலே இதற்கு மாறான ஒரு கருத்தை நிலைநாட்ட முயன்றார். கண்ணியம் என்பது ஆங்கில ஆட்சியும் நடுத்தர வகுப்பும் ஏழைகளின் மேற் சுமத்திய கட்டுப்பாடு. ஸ்லாக்னெஸ் அக்கட்டுப்பாட்டுக்கு எதிராக நிகழும் கலகம். ஆகவே ஒழுக்கக்கேடு என்று தள்ளிவிடாது அரசியல் எதிர்ப்பாகவும் அதனைப் படித்தல் வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். அவ்வாதத்தின் வலிமையை நான் மறுக்கவில்லை. கண்ணியம் என்ற சொல்லைக் கொண்டு எத்தனை மக்களின் மொழியும் பாட்டும் கூத்தும் பள்ளிக்கூடத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டன என்பதை ஆசிரியத் தொழிலில் உள்ளோர் அறிவர். யெலோமனைப் பொறுத்தவரை அவ்வாதத்துக்கு வேறோர் ஆதாரமும் உண்டு. தொடவும் கூசிய உடலுக்கு இச்சையும் உண்டு, இச்சிக்கப்படும் தகுதியும் உண்டு என்று பறைசாற்றுதற்கு மறைப்பற்ற சொல்லைத் தவிர வேறு சொல் அவரிடம் இருக்கவில்லை. நாசூக்காகப் பாடியிருந்தால் அவ்வுடல் மறைந்தே போயிருக்கும்.

இவ்வளவும் ஒப்புக்கொண்ட பின்னரும் என் மனத்திலே ஒரு தடை நிற்கின்றது. கலகம் யாருக்கு எதிராக? அப்பாட்டுக்களுட் பலவற்றிலே பெண் என்பவள் எண்ணிக் கணக்கிடும் பொருளாகவே வருகின்றாள். யெலோமன் தம் உடலைப் பாடும்போது சொல் துள்ளுகின்றது. எதிர்பாராத உவமையும் கேலியும் பிறக்கின்றன. பெண்ணின் உடலை மட்டும் பாடும்போது அதே நாவு சோம்பிப்போகின்றது. பழகிய வசையையும் பழகிய பெருமையையும் திருப்பித் திருப்பிச் சொல்கின்றது. அப்பாட்டுக்களிலே அறக்குறை காண்போர் காணட்டும். நான் முதலில் காண்பது கவிதைக்குறை. இளிவரலுக்கு உள்ளானவன் அவ்விளிவரலைத் தூக்கி வேறொருவர் தலையில் வைக்கும்போது பெருமிதம் பிறப்பதில்லை. பழைய இளிவரலே இடம் மாறுகின்றது. இதே 1982இல் ‘பாம் பாம்’ என்ற பாட்டின் மூலம் சிஸ்ரர் நான்சி என்னும் பெண் டீஜே தம்மை நிலைநாட்டினார். ‘ஸ்ராலக்’ என்னும் பழைய றிடிமின் மீது, பெண்ணுக்கு ஒலிவாங்கி எதற்கு என்று கேட்ட உலகத்துக்கு அவர் விடையிறுத்த விதத்திலே ஆபாசம் ஏதுமில்லை. தன்மானம் நிறைய உண்டு. ஒப்பிட்டுக் கேட்போர்க்கு நான் கூறுவது விளங்கும்.

யெலோமனும் ஒரே சுருதியில் நின்றவரல்லர் என்பதை நேர்மை கருதிச் சொல்லல் வேண்டும். 1982இலேயே பொலிசாரின் ஒழிப்புப் படையைப் பற்றி ‘ஒப்பறேசன் எறடிக்கேசன்’ பாடினார். ‘டோண்ற் பேண் இற் டவுண்’ என்ற 1987ஆம் ஆண்டுத் தொகுப்பிலே பெண்களை அடிப்பதைக் கண்டிக்கும் பாட்டொன்றும், தென்னாபிரிக்க இனஒதுக்கலைக் கண்டிக்கும் பாட்டொன்றும் உள்ளன. இரவின் முற்பகுதியில் ஆபாசமும் பிற்பகுதியில் அறமும் ஒரே வாயிற் பிறப்பதைக் கண்டு மேனாட்டு விமர்சகர் திகைத்தனர். 2021இல் யெலோமனைப் பற்றி முழுநூல் எழுதிய பிரென்ற் ஹேகர்மன், இவ்விரண்டும் அவரிடத்தே முரண்பட்டவை அல்ல என்று காட்ட முயன்றுள்ளார். டான்ஸ்ஹோல் மேடை ஒரு பிரசங்க மேடையன்று. அங்கே கூட்டத்தார் கேட்பதற்கேற்பச் சொல் மாறும். இசைத்தட்டை மட்டும் கேட்பவன் பாதியையே கேட்கின்றான். அந்நாளைய நாடாப் பதிவுகள் சில இன்று இணையத்தில் கேட்கக் கிடைக்கின்றன. அவற்றிலே கூட்டத்தின் ஆரவாரமும், தட்டைத் திருப்பி முதலிலிருந்து போடுமாறு கேட்கும் கூச்சலும், பாற்ஹெட் என்னும் துணைப் பாடுநர் அடியின் ஈற்றிலே இடும் குறும்பொலியும் கேட்கின்றன. அவ்வாரவாரத்தை நீக்கிவிட்டுப் பாட்டை மதிப்பிடுவோர், கூத்தைத் திரைமறைவில் நின்று மதிப்பிடுவோரை ஒப்பர்.

அமெரிக்கப் பெரு நிறுவனமாகிய சி.பி.எஸ். இவரோடு ஒப்பந்தம் செய்தது. டான்ஸ்ஹோல் பாடுநர் ஒருவர்க்கு அத்தகைய வாய்ப்புக் கிடைத்தது அதுவே முதன்முறை. 1984இல் ‘கிங் யெலோமன்’ வெளிவந்தது. பில் லாஸ்வெல் போன்ற நியூயோர்க் இசையாளரும் அதிற் பங்குகொண்டனர். ‘சீ குறூஸ்’ என்னும் பழைய அமெரிக்கப் பாட்டும் சேர்க்கப்பட்டது. விற்பனை எதிர்பார்த்த அளவு இல்லை. அத்தொகுப்போடு அந்த உறவு முடிந்தது. அமெரிக்கச் செவிக்கு உகந்ததாக மாற்ற முயன்றபோது, கிங்ஸ்ரன் தெருவின் நடுவே அவர் சொல்லுக்கு இருந்த கூர்மை மழுங்கிற்று என்பதே என் கருத்து. யாரைக் கேலி செய்கின்றார் என்பதை அறியாதவர் முன் கேலி செய்வது வீண்வேலை. மேலும் 1982 தொடக்கம் அளவுக்கு மிஞ்சிய இசைத்தட்டுக்களை எத்தனையோ தயாரிப்பாளர்க்கும் அவர் பாடிக் கொடுத்துவிட்டார். சந்தையும் நிறைந்தது, சரக்கும் தளர்ந்தது. 1985இல் வேய்ன் ஸ்மித், பிரின்ஸ் ஜமி ஆகியோர் கசியோ விசைப்பலகை ஒன்றிலிருந்து எடுத்த தாளத்தைக் கொண்டு ‘சிலெங் ரெங்’ என்ற பாட்டை வெளியிட்டதும், இசைக்குழு வாசிக்கும் றிடிம்களின் காலமே முடிவுக்கு வரத் தொடங்கிற்று. புதிய இயந்திரத் தாளத்தோடு புதிய குரல்கள் வந்தன.

இக்காலமெல்லாம் அவர் உடலுக்குள்ளே வேறொரு கதை நடந்துகொண்டிருந்தது. நிறமியற்ற தோலுக்கு வெயில் நஞ்சு. புகழின் உச்சியில் நின்ற 1982இலேயே அவர்க்குத் தோற் புற்றுநோய் கண்டது. மூன்றாண்டுகளுக்கு மேல் வாழ்தல் அரிது என்றனர் மருத்துவர். 1986இல் அந்நோய் தாடையிற் பரவவே, கீழ்த்தாடையின் இடப்புறத்திற் பெரும்பகுதியை அறுத்து நீக்கினர். முகம் நிலையாகச் சிதைந்தது. நாவும் தாடையும் உதடும் கருவியாகக் கொண்டு, சொல்லை உருட்டுவதையே தொழிலாகக் கொண்டவர்க்கு இதனிலும் கொடிய தண்டனை வேறில்லை. ஆனால் 1987இலே அவர் மீண்டும் ஒலிவாங்கி முன் நின்றார். பட்ஸ் டொமினோ பாடிப் புகழ்பெற்ற ‘புளூபெரி ஹில்’ என்ற பழைய பாட்டை அவர் பாடியது யமேக்காவிலே பெரு வரவேற்பைப் பெற்றது. அவ்வாண்டில் வெளிவந்த இன்னொரு தொகுப்பின் பெயர் ‘யெலோ லைக் சீஸ்’. பாலாடைக்கட்டி போன்ற மஞ்சள் என்பது பொருள். தாடையை இழந்த பின்னும் தம் தோலின் நிறத்தைக் கொண்டு நகையாடுவதை அவர் விட்டாரில்லை.

நான் முன்னர் வகுத்துக்கொண்ட மெய்ப்பாட்டுக் கணக்கு இங்கே சற்றுத் தடுமாறுவதை ஒப்புக்கொள்ள வேண்டும். முன்னைய தற்புகழ்ச்சிப் பாட்டுக்களிலே இளிவரலின் நிலைக்களன் பிறப்பு. இங்கே அது பிணி. பிறப்பின் இழிவைப் பாட்டினால் வென்றது ஒருவகை வித்தை எனின், பிணியின் எதிரே பாடியது வித்தையன்று, தறுகண்மையே. பிற்காலப் பதிவுகளிலே குரல் முன்போல் உருள்வதில்லை. சில மெய்யெழுத்துக்கள் நனைந்த காகிதம்போலக் கேட்கின்றன. 1982இன் யெலோமனை மட்டும் விரும்புவோர் அவற்றைக் கேட்பதில்லை. எனக்கோ அவற்றின்மேலேதான் மதிப்பு மிகுதி.

1994இல் வெளிவந்த ‘பிறேயர்’ என்ற தொகுப்பிலே, பெயருக்கேற்ப, பழைய ஆபாசத்தைப் பெரிதும் விட்டு வழிபாட்டையும் சமூகத்தையும் பாடினார். சிலர் இதனை மனமாற்றம் என்றனர். சிலர் முதுமை என்றனர். கவிதை என்ற வகையிலே அத்தொகுப்பு அவருடைய சிறந்ததன்று என்பதே என் தீர்ப்பு. நல்லதைச் சொல்லுகின்றது, ஆனால் சொல்லும்போது நம்மை வியக்கவைப்பது குறைவு. 2018இல் யமேக்க அரசு அவர்க்கு ‘ஓடர் ஒவ் டிஸ்ரிங்ஷன்’ என்னும் தேசிய விருதை வழங்கிற்று. வானொலியும் தேவாலயமும் பழித்த பாடுநரின் மார்பில் அரசு பதக்கம் சூட்டியது. அதன் பின்னரும் சஜிற்றேறியஸ் இசைக்குழுவோடு ஊர் ஊராகச் சென்று மேடையேறினார். அம்மேடைகளிலே அவர் நின்று பாடுவதில்லை; இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடுகின்றார், குதிக்கின்றார், ஒருகாலத்தில் எவரும் தொட அஞ்சிய கையைக் கூட்டத்தை நோக்கி நீட்டுகின்றார். முன்வரிசையில் நிற்போர் அதனைப் பற்றிக்கொள்ள முண்டியடிக்கின்றனர்.